இடப்பக்க இருக்கை

மார்ச் 4, 2047, திங்கள்

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். வாடிக்கையாளர் நாச்சிமுத்து ஐயாவுக்கான கணிப்பு ஓட்டத்தில் காரின் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைத்துவிட்டேன். இங்கிலாந்துக் கார், இங்கே ஓடியது என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் எடுத்த கார் மாடல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது என்பதைக் கவனிக்கவில்லை. ஐயா காட்சிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் அவருடைய இரண்டு கைகளும் காற்றில் துழாவின. பிறகு சிரித்தார்.

"ஏன் அம்மிணி, காரை எனக்குக் குடுத்துட்டு ஓட்டற வேலைய வேற யாருக்கோ குடுத்துட்டயே."

மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தேன். மாலை வகுப்பில் நிகழ்தகவு நடத்தும் ஆசிரியர், தினமும் செய்த பிழையை அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் மற்றவர்கள் வாரத்துக்கு ஒன்று எழுதவே திணறுகிறார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான் பகலில் வேலை செய்யும் இடத்தின் பெயர் மறுதடம். அவிநாசி சாலையில் இரண்டாவது மாடி. வாங்காமல் விட்ட ஒன்றை வாங்கியிருந்தால் நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று கணித்துக் காட்டுகிறோம். வீட்டு மனைக்காக வருகிறவர்கள் உண்டு, வேலைக்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் பாதிப் பேர் கார்களுக்காகத்தான் வருகிறார்கள். பெட்ரோல் வண்டிகள் சாலையை விட்டுப் போனபின் இது அதிகமாகிவிட்டது என்று மேலாளர் ஆனந்தவேல் சார் சொல்வார். நான் பெட்ரோல் காரை ஓட்டியதே இல்லை. கியர் மாற்றும்போது கை எப்படிப் போகும் என்பதைப் பழைய காணொளிகளைப் பார்த்துத்தான் கற்றேன்.

நாச்சிமுத்து ஐயா விட்ட கார் பச்சை நிறம், மடக்குக் கூரை, இரண்டே இருக்கை. வால்பாறையில் ஓர் எஸ்டேட் மேனேஜரிடம் இருந்தது. 1999இல் அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது விற்கப் பார்த்தார். ஐயாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கணபதியில் சிறிய லேத் பட்டறை. சனிக்கிழமை மேனேஜர் ஐயாவின் வீட்டுக்குப் போன் செய்து, ஞாயிறு மாலைக்குள் வந்தால் கார் உனக்கு, இல்லாவிட்டால் பெங்களூர்க்காரருக்கு என்று சொன்னார். போனை எடுத்தது ஐயாவின் மனைவி துளசிமணி அம்மாள். அவர் அதைக் கணவரிடம் சொன்னது திங்கட்கிழமை காலையில்.

ஐயா உடனே பஸ் ஏறினார். ஆழியாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது எதிரே மலையிலிருந்து ஒரு லாரி இறங்கி வந்து நின்றது. அதன் மேல் தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி. காற்றில் தார்ப்பாயின் ஓரம் தூக்கியதும் பச்சை மட்கார்டு தெரிந்தது. ஐயா இதை எங்கள் வரவேற்பறையில் நின்று நடித்தே காட்டினார். பஸ் ஜன்னலில் தலையை நீட்டுவது, லாரி டிரைவர் பீடி பற்றவைப்பது, தார்ப்பாய் தூக்குவது, எல்லாமே. கடைசியில் சோபாவில் உட்கார்ந்திருந்த மனைவி பக்கம் கையை நீட்டி, "மேடம் மட்டும் அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா" என்று முடித்தார்.

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தவேல் சார் சிரித்தார். நானும் சிரித்தேன். துளசிமணி அம்மாளும் சிரித்தார், சற்றுப் பிந்தி.

முதல் ஓட்டம் நன்றாக அமைந்தது. மேனேஜர் சாவியைக் கொடுக்கிறார், கார் மலையை விட்டு இறங்குகிறது. ஐயா இறங்கியபோது கண்ணாடிக்குள் ஈரம். அடுத்த ஓட்டத்துக்கு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

மார்ச் 6, புதன்

துளசிமணி அம்மாள் தனியாக வந்தார். மதிய இடைவேளை. ஐயா பணம் கட்டியதில் ஏதோ சந்தேகம் என்று நினைத்தேன். இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நடக்காதது இந்த மிசினுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அந்த வருடத்து மழை, சாலை வேலை, பட்டறையின் கரண்ட் பில், டெலிபோன் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோக்கள், கிடைப்பதையெல்லாம் கொடுப்போம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவோம். மிசின் அங்கிருந்து நாள் நாளாக நகரும். இரண்டு மூன்று விதமாக நடக்கக்கூடிய இடம் வந்தால் தாயம் போடுவது போல ஒன்றைப் போட்டு எடுத்துக்கொள்ளும்.

"அப்பறம் சாகற வரைக்கும் காட்டுமா?"

காட்டலாம், ஆனால் நாங்கள் காட்டுவதில்லை என்றேன். கார் வந்த முதல் சில மாதங்களோடு நிறுத்திக்கொள்வோம். காட்டப்போகும் நாட்களை மட்டுமே கணிப்பது எங்கள் வழக்கம். அதற்கு மேல் ஓட விட்டால் கரண்ட் செலவு. மேலும் கார் புதிதாக இருக்கும்வரைதான் வாடிக்கையாளர் திரும்ப வருவார் என்பது ஆனந்தவேல் சாரின் கருத்து.

அம்மாள் யோசித்தார். "தாயம்னா நல்லதும் விழும், கெட்டதும் விழுமில்ல?"

"விழும்மா."

"கெட்டது விழுந்ததக் காட்டு கண்ணு, அவருக்கு. அந்தக் காரு வராததே நல்லதுன்னு அவரு ஒருக்கா நெனைக்கணும்."

அப்படிச் செய்யக் கூடாது என்று சொன்னேன். சொன்ன விதம் எனக்கே உறுதியாகப் படவில்லை. அம்மாள் வற்புறுத்தவில்லை. வரும் ஞாயிறு பேத்தி தியாவுக்கு நிச்சயம் என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஈரோட்டிலிருந்து வருகிறார்கள். இவர் கார்க் கதையைச் சொல்வார். கல்யாணங்களில், காது குத்தில், துக்க வீட்டில் கூட மூன்றாம் நாள் சொல்லியிருக்கிறார். மகள் சிந்துஜாவின் மாமியார் இருபத்தைந்து வருடமாக அம்மாளிடம் எதைக் கொடுத்தாலும், "ஞாபகமாச் சொல்லீருவீங்கல்ல?" என்று கேட்டுச் சிரிப்பாராம்.

"அந்த ரெண்டு நாளும் சிந்துவுக்கு வயித்தால போயிட்டிருந்துச்சு கண்ணு. ஒன்றரை வயசு. போனை வெச்ச கையோட தூக்கிட்டுப் போயி, மடியில வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில உக்காந்திருந்தேன். அவரு கதையில ஆஸ்பத்திரியே வராது. நான் போனை வெச்சுட்டு டீவி பாக்கப் போயிட்டேன்னு வரும்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "புதுச் சம்பந்தி முன்னாலயாவது வேண்டாம்னு பாத்தேன். பரவால்ல. அன்னிக்கு நீயுந்தானே சிரிச்ச."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் வகுப்பில் முழு நேரமும் என் காது சுட்டது.

மார்ச் 7, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. அலுவலகத்திலேயே தங்கி, செய்யக் கூடாது என்று நேற்று நானே சொன்னதைச் செய்தேன்.

செய்த முறையை எழுதி வைக்கிறேன். ஜூலை மாதத்து ஒரு ஞாயிறை எடுத்தேன், அன்று ஆழியாறில் உண்மையாகவே மழை. ஐயா அந்த ஞாயிறு வால்பாறைக்கு ஓட்டிப் போவது இயல்பாகவே வந்தது. திரும்பி இறங்கும்போது பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்ற இடத்தில் தாயம். பிடித்தது. மறுபடி போட்டேன். பிடித்தது. பிடிக்காத வரை போட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. எதையும் எண்ணாமல் விடுகிறவள் இல்லை நான்.

ஒவ்வொரு முறை போடும்போதும் மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது பொய் இல்லை, நடக்கக்கூடியவற்றில் ஒன்று. இந்த வாக்கியத்தை வகுப்பில் எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பார்.

ஒன்பதாவது வளைவில் பிரேக் விட்டது. எங்கள் வழக்கப்படி ஓட்டுநரின் கண் வழியாக மட்டும் பார்த்தேன். சாலை, மழை, சுவர், சுவருக்கு அப்பால் வெள்ளை. ஓட்டுநருக்கான முடிவில், ஐயாவுக்குக் கால் முறியும், பிழைத்துக்கொள்வார் என்று வந்தது. அது போதும் என்று சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

ஐயா பத்து மணிக்கு வந்தார். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. அம்மாள் சோபாவில் உட்கார்ந்தார், என்னைப் பார்க்கவில்லை.

மலை ஏறும்வரை ஐயா பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாவது கியரில் இன்ஜின் சத்தம் சரியாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். இறங்கும்போது பேச்சு நின்றது. பிறகு அவர் தலையை இடப்பக்கம் திருப்பினார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. நேரே சாலையைத்தான் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டேன். நாங்கள் சோதிக்கும்போது யாரும் பக்கத்து இருக்கையைப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு இருக்கை உள்ள காரில் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறவன் ஒன்றை வெறுமையாக விட்டுப் போவானா? மிசின் விடவில்லை. போட்டோக்களிலிருந்து ஆட்களை எடுத்து உட்கார வைத்திருந்தது. இருபத்தைந்து வயது துளசிமணி, மடியில் குழந்தை.

நிறுத்தும் பொத்தானுக்கு என் கை போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் தானே மேசை மேல் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு வரவேற்பறைக்குப் போய், மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். அம்மாள் "என்னுங்க?" என்று கேட்டார். காத்திருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார், ஐயா அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இருவரும் படி இறங்கிப் போனார்கள். மணிக்கட்டை விடாமலே போனார்.

ஆனந்தவேல் சார் என்ன ஆயிற்று என்று கேட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்றேன். அவருக்கு மகிழ்ச்சி.

மார்ச் 10, ஞாயிறு

நிச்சயத்துக்குப் போகும் எண்ணமே எனக்கு இல்லை. நேற்று அம்மாள் போன் செய்து வரச் சொன்னார். குரலில் கோபம் இருந்திருந்தால் போகாமல் இருந்திருப்பேன்.

சௌரிபாளையத்தில் சிறிய மண்டபம். தட்டு மாற்றி முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போடும் நேரம். அம்மாளின் தம்பி உரத்த குரலில், "மச்சான், ஈரோட்டுக்காரங்களுக்கு லாரிக் கதை தெரியாது, எடுத்து உடுங்க" என்றார். இந்தப் பக்கத்து உறவெல்லாம் முன்கூட்டியே சிரிக்கத் தயாராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

ஐயா எழுந்தார். நடிக்கவில்லை. நாற்பத்தெட்டு வருடமாக இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். அந்தக் கார் வந்திருந்தால் அந்த ஜூலையில் என் மனைவியும் குழந்தையும் போயிருப்பார்கள். மிசினில் பார்த்தேன். சிந்து இல்லை. அதனால் இந்த தியா இல்லை, இந்த நிச்சயம் இல்லை.

"இவ அன்னிக்கு வாயத் தொறக்காததாலதான் நாம எல்லாரும் இங்க உக்காந்திருக்கறோம்" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாள் கேட்டது அதுதானே. மாப்பிள்ளையின் தாய் எழுந்து வந்து அம்மாளின் கால்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெண்கள் சிலர் அழுதார்கள். துளசிமணி அம்மாள் கும்பிட்ட கைகளைத் தாழ்த்தச் சொல்லிக் கணவரின் கையை இழுத்தார். பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தார்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண், "பந்தி இப்பத்தான் ஆரம்பிக்குதுங்க" என்று சொல்லித் தடுத்தாள். வேலை இருக்கிறது என்று அவளிடமும் ஒரு பொய் சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்

அம்மாள் நாங்கள் கதவைத் திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். ஆனந்தவேல் சார் சென்னையில். உள்ளே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

ஐயா வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகத் தூங்கவில்லையாம். கண்ணை மூடினால் இடப்பக்கம் திரும்பிவிடுகிறாராம். சிந்துஜாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அவருக்குத் தினமும் ஐந்தாறு முறை போன் செய்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறார். தியாவும் மாப்பிள்ளையும் அடுத்த வாரம் ஊட்டிக்குப் போவதாக இருந்தது. போனால் என் பிணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று கத்தியிருக்கிறார். நேற்று மண்டபத்திலிருந்து வந்ததும், பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த கார்ப் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டிருக்கிறார். சிறு வயதில் சேர்க்க ஆரம்பித்தவை.

"முன்னால அவரு கதையில நான் முட்டாளா இருந்தேன். இப்பச் செத்துப் போயிட்டேன்" என்றார் அம்மாள். "வீட்டுல என்னப் பாக்கறாரு கண்ணு, செத்தவளப் பாக்கற மாதிரி. சோறு போட்டா கையத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு. முட்டாளாவே இருந்துக்கறேன். நீ என்ன செஞ்சேன்னு சொல்லு."

சொன்னேன். தாயத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதை, எண்ணாததை, இடப்பக்க இருக்கையைப் பார்க்காததை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"மொதல்ல விழுந்தது என்ன?"

"பிரேக் பிடிச்சுதும்மா."

"பிடிச்ச பொறவு?"

எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. கெட்டதைத் தேடுவதற்கு முன் எது நடந்திருக்கும் என்று ஒரு தடவை ஓட விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் யாரும் எந்த வாடிக்கையாளருக்கும் அப்படிப் பார்த்ததில்லை. தினமும் பிழை எழுதுகிறவளுக்கு இது படவில்லை என்பதை இப்போது எழுதும்போது கூட முகம் சுடுகிறது.

அம்மாளை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து, தாயத்தில் கை வைக்காமல், காரை வாங்கிய நாளிலிருந்து நூறு ஓட்டங்கள் முழுசாக ஓட விட்டேன். கரண்ட் செலவைப் பற்றிக் கவலைப்படவில்லை. மதியம் வரை ஆயிற்று.

விபத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒன்றில் பட்டறை கேட்டில் உரசிக் கதவு நெளிந்தது, அவ்வளவுதான். பெரும்பாலான ஓட்டங்களில் ஐப்பசி மழையில் கிளட்ச் போனது. அதற்கான பாகத்துக்கு மும்பைக்கு எழுதிப் போட்டு, வரவில்லை. கார் பட்டறை முற்றத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. கோழி முட்டையிட்டது. அடுத்த தீபாவளிக்குள் ஐயாவே பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து விற்றுவிட்டார்.

மிசின் பேச்சையும் கணிக்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்களின் பேச்சைக் கணிப்பது இன்னும் எளிது. பின்னால் வந்த கல்யாணங்களுக்கும் காது குத்துகளுக்கும் நகர்த்திப் பார்த்தேன். ஐயா எழுந்து நிற்கிறார். லாரியில் ஏற்றிப் போகும் பச்சைக் காரை நடித்துக் காட்டுகிறார். கடைசியில் மனைவி பக்கம் கையை நீட்டி, "மேடம் மட்டும் அன்னிக்கு விக்கச் சொல்லாம இருந்திருந்தா" என்று முடிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அம்மாள் விற்கச் சொன்ன நாளை ஓட்டங்களில் தேடினேன். எதிலும் அப்படி ஒரு நாள் இல்லை.

அம்மாள் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"அங்கயும் நாந்தானா" என்றார்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதது போலவும் இருந்தது, சிரித்தது போலவும் இருந்தது. இதை ஐயாவுக்குக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இது எனக்கு என்றார். பிரேக் விட்டது எப்படி என்பதை மட்டும் அவரிடம் சொல்லச் சொன்னார்.

பிழை என்னுடையது, நான் மட்டுமே செய்தது என்று சொல்லிக்கொள்கிறேன், உங்கள் பெயரே வர வேண்டாம் என்றேன். அதுதான் நான் செய்யக்கூடிய நல்ல காரியம் என்று நம்பினேன். அம்மாள் தலையாட்டி மறுத்தார்.

"நீ மட்டும்னு சொன்னா, 'போச்சாது போ'ன்னு சிரிச்சுப்போட்டுப் பழைய கதைய எடுத்துக்குவாரு. நான் கேட்டுத்தான் செஞ்சன்னு சொல்லு. அப்பத்தான் ஏன்னு கேப்பாரு." பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதைத் திருகிக்கொண்டே சொன்னார். "நாப்பத்தெட்டு வருசத்துல அவரு எங்கிட்ட ஏன்னு கேட்டதே இல்ல கண்ணு. அன்னிக்கு ஏன் சொல்லலன்னு கூட. கேட்டா நான் சொல்லிக்குவேன்."

வாசல் வரை போய்ப் பஸ் ஏற்றிவிட்டேன். ஆனந்தவேல் சாருக்கு நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. வகுப்பில் இன்று என் முறை வந்தபோது, பிழை இன்னும் முடியவில்லை, நாளை சொல்கிறேன் என்றேன்.

நாளை காலை ஒன்பது மணிக்குச் சௌரிபாளையத்தில் ஐயாவின் வீட்டுக்குப் போக வேண்டும். பிரேக் எப்படி விட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கேட்டது யார் என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும். ஐயா அம்மாள் பக்கம் திரும்பியதும், எழுந்து வெளியே வந்துவிட வேண்டும்.